கோடு ஏன் தட்டையானது?

சென்ற ஆண்டு ஏறத்தாழ இதே நாளில் இப்பக்கத்தில் ஒரு வரைபடத்தைப் பகிர்ந்து, மூன்றாண்டு உழைப்பு பலித்துவிட்டது என்று எழுதியிருந்தேன். இயற்பியல் பயின்றவர்களும் பயிலாதவர்களுமாகப் பலர் வாழ்த்தினீர்கள். அந்த அன்புக்கு இன்றும் நன்றியுடையேன். ஆனால் அவ்வரைபடத்துக்கு நான் அன்று தந்த விளக்கம் தவறு. பதிவை நீக்கிவிட்டுப் பேசாதிருந்திருக்கலாம், நீக்கவில்லை. என்ன தவறு நேர்ந்தது என்பதையும், அதைக் கண்டுபிடித்தவனுக்கு நம் ஆய்வுமுறை என்ன தருகிறது என்பதையும் எழுதவே இன்று அமர்ந்தேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மீக்கடத்து மென்படலங்களின் மின்தடையை அளந்து வெளியிடுவோர், கம்பிகளில் வடிகட்டி இட்டு எடுத்த அளவீட்டையும் இடாமல் எடுத்த அளவீட்டையும் அருகருகே காட்ட வேண்டும். அப்படிக் காட்டப் புகுந்து தன் கண்டுபிடிப்பையே இழக்கும் மாணவருக்கு, அந்த இழப்பை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக எழுத இடம் தர வேண்டும். முதல் கோரிக்கையை இத்துறையினர் பெரும்பாலும் ஏற்பர். இரண்டாவதை ஏற்பவர் குறைவு.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம்.

பிஸ்மத் என்னும் உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான படிகமாக வளர்ந்த தூய பிஸ்மத் மீக்கடத்தியாகுமா என்பது நெடுங்காலம் விடையின்றிக் கிடந்த கேள்வி. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். ராமகிருஷ்ணன் குழுவினர் அதைக் குளிர்வித்துக்கொண்டே சென்று, 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டனர். 2017இல் அது 'சயின்ஸ்' இதழில் அச்சாயிற்று. ஒரு கெல்வினில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! இனி அதே பிஸ்மத்தை, திரவ ஹீலியத்தால் குளிர்ந்திருக்கும் ஒரு தளத்தின்மீது ஆவியாகப் படியவிடுங்கள். அணுக்கள் தத்தம் இடம் தேடி வரிசை கட்டுமுன்பே உறைந்துபோகின்றன. ஒழுங்கே இல்லாத அப்படலம் ஏறக்குறைய 6 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும். புக்கலும் ஹில்ஷும் 1954இலேயே இதைக் கண்டுவிட்டார்கள். ஒழுங்கைக் குலைத்ததால் மீக்கடத்தல் பதினாயிரம் மடங்கு உயர்ந்த வெப்பநிலையில் வந்து நிற்கிறது. படிக பிஸ்மத்தில் மின்னோட்டத்துக்கு உதவும் எலக்ட்ரான்கள் மிகச் சொற்பம்; ஒழுங்கு குலைந்ததும் அது ஒரு சாதாரண உலோகத்தைப் போல எலக்ட்ரான் வளம் பெற்றுவிடுகிறது என்பதே காரணம்.

'கலப்பும் குலைவும் மீக்கடத்தலைக் கெடுக்கும்' என்று பள்ளியில் படித்ததைக் கொண்டு இத்துறைக்குள் நுழைந்தவன் நான். முதல் வாரமே இந்த உண்மை என்னைத் திகைக்க வைத்தது. காந்தத்தன்மையற்ற மாசுகள் மீக்கடத்தலைப் பெரிதும் பாதிக்கமாட்டா என்று 1959இலேயே ஆண்டர்சன் காட்டிவிட்டார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆனால் படலம் மெலிய மெலிய அதே ஒழுங்கின்மை பகையாகிறது. சில அணு அடுக்குகளே உள்ள படலத்தில் எலக்ட்ரான்களுக்கு மேலும் கீழும் நகர இடமில்லை. அவை இரு பரிமாண உலகத்துக்குரியவை. அவ்வுலகின் சட்டத்தை 1979இல் ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, ராமகிருஷ்ணன் ஆகிய நால்வர் வகுத்தனர். (இந்த ராமகிருஷ்ணன் டி. வி. ராமகிருஷ்ணன், மேலே சொன்னவர் வேறு.) எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் விளைவை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், இரு பரிமாணத்தில் எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் சுழி வெப்பநிலையில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்திவிடும் என்பது அவர்கள் முடிவு. அதாவது, மெய்யான உலோகம் என்ற ஒன்று அங்கே கிடையாது. எனவே ஒழுங்கற்ற மென்படலத்தின் முன்னே இரண்டே வழிகள்: மீக்கடத்தியாக வேண்டும், இல்லையேல் மின்காப்பானாக வேண்டும்.

இந்த இரு வழிப் பிரிவைக் கண்முன் காட்டியது 1989இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாவிலண்ட், லியூ, கோல்ட்மன் மூவரும் செய்த சோதனை. குளிர்ந்த தளத்தில் பிஸ்மத்தைச் சிறிது படியவிட்டு மின்தடையை அளந்தார்கள். எடுக்காமல், சூடேற்றாமல், அதன்மேலேயே இன்னும் சிறிது படியவிட்டு மீண்டும் அளந்தார்கள். ஓர் அணுவின் குறுக்களவிலும் குறைந்த படிகளில் தடிப்பு ஏறிற்று. மெல்லிய படலங்களில் வெப்பநிலை குறையக் குறைய மின்தடை மேலே பாய்ந்தது. தடித்தவற்றில் சுழிக்கு வீழ்ந்தது. வரைபடத்தில் அக்கோடுகள் நடுவில் வகிடெடுத்துச் சீவியதுபோல் இரு புறமும் பிரிந்து செல்லும். பிரியும் இடத்தில் மின்தடை ஏறத்தாழ 6,450 ஓம்.

அந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சீரான தடிப்புள்ள படலத்தில் சதுரமாக வெட்டிய துண்டின் மின்தடை அச்சதுரத்தின் அளவைப் பொறுத்ததன்று. அஞ்சல் தலை அளவுக்கு வெட்டினாலும் பாய் அளவுக்கு வெட்டினாலும் எதிரெதிர் விளிம்புகளுக்கிடையே ஒரே மின்தடைதான். நீளம் கூட்டுவதை அகலம் குறைத்துவிடுகிறது. இதைச் சதுரத் தடை என்கிறோம். பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்ட வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது 6,453 ஓம். எலக்ட்ரான்கள் இணைகளாகச் செல்வதால் மின்னூட்டம் இரட்டித்து, அதன் வர்க்கம் நான்கு மடங்காகிறது. எந்த உலோகம், எப்படிச் செய்தது என்பதையெல்லாம் பொருட்படுத்தாத ஓர் அகில எண் அங்கே ஒளிந்திருக்கிறதோ என்று அனைவரும் கிளர்ச்சியுற்றனர். 1990இல் ஃபிஷரின் கோட்பாடும் அப்படியொரு பொது மதிப்பை எதிர்நோக்கியது. பிற்கால அளவீடுகள் பொருளுக்குப் பொருள் வேறு வேறு மதிப்புகளைத் தந்தன. கனவு பாதி கலைந்தது என்று சொல்லலாம், முழுதும் கலையவில்லை.

மீக்கடத்தல் கெடுவது எப்படி? இதற்கு என் தங்கைக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் தருகிறேன். மீக்கடத்தலுக்கு இரண்டு நிகழ வேண்டும். எலக்ட்ரான்கள் இணை சேர வேண்டும். சேர்ந்த இணைகளெல்லாம் ஒரே தாளத்தில் அசைய வேண்டும். ஊர்த் திடலில் பல கும்மி வட்டங்கள் ஆடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கைத்தட்டு பிசகாது. ஆனால் வட்டங்கள் தொலைவில் இருந்தால், ஒன்றின் தாளம் மற்றொன்றுக்குக் கேட்காது. திடல் முழுவதற்கும் ஒரு தாளம் அமையாது. ஒழுங்கற்ற படலமும் அப்படித்தான். பொருள் எங்கும் ஒன்றேபோல் இருந்தாலும் மீக்கடத்தல் தானாகவே தீவு தீவாகப் பிரிந்துகொள்ளும் என்று 1998இல் அமித் கோஷல், மோஹித் ரண்டேரியா, நந்தினி திரிவேதி ஆகியோர் கணித்துக் காட்டினர். மும்பையில் பிரதாப் ராய்சௌதுரி குழுவினர் நையோபியம் நைட்ரைடு படலங்களில் ஒழுங்கின்மையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்த நுண்ணோக்கிச் சோதனைகளிலும், சசேப்பே முதலியோர் டைட்டேனியம் நைட்ரைடு, இண்டியம் ஆக்சைடு படலங்களில் செய்த சோதனைகளிலும் இணைகள் உயிரோடிருந்தும் தாளம் அறுந்துபோன நிலைகள் தென்பட்டன. இதனினும் வியப்பு, பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 2007இல் தேன்கூடு போலத் துளைகளிட்ட பிஸ்மத் படலத்தில் கண்டது. மின்காப்பானாகிவிட்ட படலத்திலும், எலக்ட்ரான் இணைகளுக்கே உரிய காந்தப்பாய அலைவு மின்தடையில் தெரிந்தது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் பொருளுக்குள் மீக்கடத்தலின் இணைகள் இருக்கின்றன! இத்துறையை விட்டு நான் போகாததற்கு இந்த ஒரு கட்டுரை போதும்.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

காந்தப்புலத்தில் வைத்த மீக்கடத்துப் படலத்துக்குள் புலம் சிறு சிறு சுழல்களாக நுழைகிறது. அவை அசையாமல் நின்றால் மின்தடை சுழி. அசைந்தால் மின்தடை தோன்றும். வெப்பநிலை குறையும்போது சுழல்கள் உறைய வேண்டும். மின்தடை மிக வேகமாக வீழ வேண்டும். ஆனால் 1996இல் ஸ்டான்ஃபோர்டில் எஃப்ரன், யாஸ்தானி, கபிடுல்னிக், பீஸ்லி ஆகியோர் மாலிப்டினம்-ஜெர்மேனியம் படலங்களில் வேறொன்றைக் கண்டனர். மின்தடை வீழ்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, அதன்பின் எவ்வளவு குளிர்வித்தாலும் தட்டையாகவே சென்றது. மீக்கடத்தியுமன்று, மின்காப்பானுமன்று. இருக்கவே கூடாது என்று சட்டம் சொன்ன உலோகம் வந்து நிற்கிறது. பின்னர் பல பொருள்களில் பலர் இதைக் கண்டனர். 2019இல் கபிடுல்னிக், கிவெல்சன், ஸ்பிவாக் மூவரும் எழுதிய விரிவான மீளாய்வு இவற்றை விபரீத உலோகங்கள் என்றும் தோற்றுப்போன மீக்கடத்திகள் என்றும் பெயரிட்டு, இதற்கு முற்றிலும் புதிய கோட்பாடு வேண்டும் என்று வாதிட்டது.

அதே 2019இல் இஸ்ரேலில் ஷாகர் குழுவைச் சேர்ந்த தமீரும் உடனாய்வாளர்களும் வேறொரு கட்டுரை வெளியிட்டனர். இண்டியம் ஆக்சைடு படலத்திலும், அணு அடுக்கு மெல்லியதான நையோபியம் டைசெலினைடிலும் அதே தட்டைக் கோட்டை அவர்களும் கண்டனர். பிறகு, வெளியிலிருந்து கம்பி வழியே இறங்கும் உயரதிர்வெண் இரைச்சலைத் தடுக்க வடிகட்டிகள் இட்டனர். தட்டை மறைந்தது, மின்தடை மேலும் வீழ்ந்தது. அவ்வாண்டே மும்பை டாட்டா நிறுவனத்தினரும் மாலிப்டினம்-ஜெர்மேனியம் படலங்களின் சுழல் நிலை ரேடியோ அலைக் குறுக்கீட்டுக்கு எவ்வளவு கூச்சமுடையது என்பதைக் காட்டினர். வடிகட்டி இட்டால் ஒரு நிலை, எடுத்தால் வேறு நிலை.

நான் சென்ற ஆண்டு இங்கே பகிர்ந்த வரைபடம் இப்படியொரு தட்டைக் கோடுதான்.

என் படலமும் மாலிப்டினம்-ஜெர்மேனியம். தடிப்பு சுமார் 5 நானோமீட்டர்; சதுரத் தடை 300 ஓமுக்குச் சற்று மேல். காந்தப்புலத்தில் குளிர்வித்தபோது மின்தடை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, 0.4 கெல்வினுக்குக் கீழ் 2 ஓமை ஒட்டித் தட்டையாயிற்று. மேற்சொன்ன இரு கட்டுரைகளையும் நான் படித்திருந்தேன் என்பதைத்தான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் குளிரூட்டியின் உச்சியில், அறை வெப்பநிலையில், ஒரு வரிசை வடிகட்டிகள் இருந்தன. 'வடிகட்டி உண்டு' என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுத அவை போதும். சோதனையும் செய்தேன்: நான் செலுத்தும் மின்னோட்டத்தைப் பாதியாக்கினேன், பத்தில் ஒன்றாக்கினேன். தட்டை மாறவில்லை. ஆகவே என் மின்னோட்டம் படலத்தைச் சூடாக்கவில்லை, கோடு மெய்யானது என்று முடிவு கட்டினேன்.

இந்த வாதத்தின் ஓட்டை இப்போது பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது! வெளியிரைச்சல் நான் செலுத்துவதன்று. என் மின்னோட்டத்தைக் குறைத்தால் அது குறையாது. நான் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அடுத்த தெருவின் ஒலிபெருக்கி அடங்கப்போவதில்லை.

ஐயத்தைக் கிளப்பியது ஓர் அற்ப விஷயம். நாள் முழுவதும் இடைவிடாது எடுத்த ஓர் அளவீட்டில், பகலில் 1.9 ஓமாக இருந்த தட்டை, பின்னிரவில் 1.6க்கு இறங்கிக் காலையில் மீண்டும் ஏறியிருந்தது. வெப்பமானி அசையவே இல்லை. விபரீத உலோகத்துக்கு அலுவலக நேரம் தெரியுமா? மேல்தளத்துக் குளிர்சாதன எந்திரம் இரவு பதினொன்றுக்கு நிற்கும்; காலை எட்டுக்கு ஓடும். அதன் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி ரேடியோ அலைகளைக் கக்குவதைச் சுருள் கம்பி ஒன்றை அலைமாலை அளவியில் மாட்டி அறிந்தோம். அது ஒன்றே காரணமன்று, பலவற்றுள் ஒன்று. கைப்பேசி, குழல் விளக்கு, கணினித் திரை, அடுத்த அறையின் வெற்றிடப் பம்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்த அந்த மூன்று வாரங்களில் அக்கட்டடத்தில் எனக்குப் பகைவர்கள் சிலர் சேர்ந்தார்கள்.

இரைச்சலின் ஆற்றல் மிகச் சிறியதுதான். ஆனால் 0.1 கெல்வினில் எலக்ட்ரான்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த அணுக்கூட்டத்துக்குமான வெப்பத் தொடர்பு மிக நலிந்துவிடும். கம்பி வழியே வரும் வெப்பத்தை எலக்ட்ரான்கள் அணுக்களிடம் ஒப்படைக்க வழியின்றித் தாமே சூடாக இருக்கும். வெப்பமானி காட்டுவதோ அணுக்களின் வெப்பநிலையை. 0.1 கெல்வின் என்று குறித்துக்கொண்டு, 0.4 கெல்வினில் இருக்கும் எலக்ட்ரான்களின் மின்தடையையே மீண்டும் மீண்டும் அளந்தால் கோடு தட்டையாகத்தானே இருக்கும்? எல்லாமே வெறும் சூடேற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. ரேடியோ அலை சுழல்களை அவற்றின் பிடிமானத்திலிருந்து உலுக்கி விடுவதும் ஒரு வழி. எது எவ்வளவு என்பது தனி ஆய்வு.

வடிகட்டிகளை எங்கள் பட்டறையின் மூத்த தொழில்நுட்பரும் நானும் செய்தோம். மெல்லிய கம்பியை மீட்டர் கணக்கில் சுருட்டிச் செப்புக் குழாயில் இட்டு, செப்புத் தூளும் எப்பாக்சிப் பசையும் கலந்த குழம்பை ஊற்றி இறுக விட வேண்டும். உயரதிர்வெண் அலைகளைச் செப்புத் துகள்கள் உண்டுவிடும். முதல் நான்கும் குளிரில் வெடித்தன. பசையின் விகிதத்தை அவர் தம் கைக்கணக்கால் மாற்றிய பின்புதான் நிலைத்தன. அவற்றை உச்சியில் வைக்காமல், படலத்துக்கு அருகே, மிகக் குளிர்ந்த தட்டில் பொருத்தினோம். ஏழு வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை இரவு அதே படலத்தை, அதே காந்தப்புலத்தில் குளிர்வித்தேன். 0.4 கெல்வினில் கோடு நிற்கவில்லை. ஒரு ஓம், அரை ஓம் என்று இறங்கிக்கொண்டே போய் எங்கள் கருவியின் இரைச்சல் எல்லைக்குள் மறைந்துவிட்டது. அதிகாலை நான்கு மணி. நெறியாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். "நல்லது. தூங்கு" என்று உடனே பதில் வந்தது. அவரும் தூங்கவில்லை போலும்.

இதுவரை நடந்தது இயற்பியல். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, என்னைத் தவிர.

இதற்குப் பின் நடந்தவையே இப்பதிவை எழுத வைத்தன. ஒரு கருத்தரங்கில், மதிப்பிற்குரிய மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "வடிகட்டிக்கு முந்தைய அளவீடுகள் தவறானவை அல்லவே? அளந்ததைத்தானே அளந்தாய்? விளக்கத்தை மட்டும் அடக்கி வாசித்து வெளியிட்டுவிடு" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆண்டு மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர், "அப்படியானால் இவ்வாண்டில் புதிய முடிவு ஏதுமில்லை என்று குறித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அதுவும் விதிப்படி சரியான கேள்வியே. நம் நாட்டு ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டு. எனக்கு எஞ்சியிருப்பது ஒன்பது மாதம். வடிகட்டி செய்யாமலிருந்திருந்தால் இந்நேரம் ஒரு கட்டுரை அச்சாகியிருக்கும். எனக்குப் பின் வருபவர் அதை மேற்கோள் காட்டியிருப்பார். யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பொய்யும் சொல்லியிருக்க மாட்டேன். இந்தக் கணக்குதான் என்னை அச்சுறுத்துகிறது.

நல்ல ஆய்வகங்கள் வடிகட்டிகளை எந்நாளும் பயன்படுத்தியே வருகின்றன. இதிலென்ன புதுமை என்று சிலர் கேட்பர். உண்மை. ஆனால் வடிகட்டி எங்கே இருந்தது, எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டியது, அதை எடுத்துவிட்டால் கோடு என்னவாகும் என்பவற்றைக் கட்டுரையில் தேடிப் பாருங்கள். நான் தேடிய வரையில் பெரும்பாலும் ஒரு வாக்கியமே கிடைக்கிறது, என் பழைய வரைவில் இருந்த அதே வாக்கியம். கம்பியமைப்பைச் சமையற்கட்டு விவகாரம் என்று ஒதுக்கி, பந்தியில் வைப்பதை மட்டும் இயற்பியல் என்கிறோம். இந்தத் துறையில் அந்தப் பிரிவினை செல்லாது. படலமும் கம்பியும் வெளியுலகும் சேர்ந்த ஒன்றையே நாம் அளக்கிறோம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இப்படி எல்லாவற்றையும் கருவிக் கோளாறு என்று ஐயுற்றால் துணிந்த கண்டுபிடிப்புகள் பிறக்குமா? இதற்கு மின்காப்பான் பக்கத்து வரலாறே விடை தரும். 2004இல் சம்பந்தமூர்த்தி, எங்கெல், யோஹான்சன், ஷாகர் ஆகியோர் இண்டியம் ஆக்சைடு படலங்களில் காந்தப்புலத்தைக் கூட்டியபோது மின்தடை மலைபோல் எழுந்து, பிறகு இறங்குவதைக் கண்டனர். அத்தகைய நிலையில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் திடீரென்று பல மடங்கு தாவும். 2008இல் வேறொரு குழு, டைட்டேனியம் நைட்ரைடு படலங்களை முன்வைத்து, மின்கடத்தலே முற்றாக மறையும் மீக்காப்பான் என்று அறிவித்தது. மறுஆண்டே, அந்தத் தாவலை எலக்ட்ரான்களின் சூடேற்றம் கொண்டே விளக்கிவிடலாம் என்று கோட்பாட்டாளரும் சோதனையாளரும் காட்டினர். எலக்ட்ரான் ஒரு வெப்பநிலையில், அணு வேறொரு வெப்பநிலையில், அதே கதை. ஆராய்ச்சி அத்தோடு முடிந்ததா? இல்லை. சூடேற்றத்தை நன்கு புரிந்துகொண்ட அதே ஷாகர் குழுதான், 2015இல், சுழியல்லாத வெப்பநிலையிலேயே கடத்தல் மறைவதற்கான சான்று என்று புதிய அளவீடுகளை முன்வைத்தது. ஐயம் துறையைக் கொன்றுவிடவில்லை.

விபரீத உலோகமும் அவ்வாறே மெய்யாக இருக்கலாம். பிரெஸ்னேயும் கபிடுல்னிக்கும் 2017இல் காட்டியபடி, ஹால் மின்தடை சுழியாகவும் சாதாரண மின்தடை சுழியாகாமலும் இருக்கும் காந்தப்புல எல்லையை வெறும் சூடேற்றம் என்று எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. தட்டைக் கோடுகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. என்னுடையது பொய்; மற்றவற்றுள் எவையெவை என்று அறிய இரண்டு கோடுகளும் வேண்டும் என்கிறேன்.

செலவா? செப்புத் தூள் மலிவு. குளிரூட்டும் காலம்தான் விலை மிக்கது. எங்களுடையது திரவ ஹீலியம் உண்ணும் பழைய வகைக் குளிரூட்டி. ஒவ்வொரு முறையும் தயங்கித் தயங்கித்தான் தொடங்குகிறோம். (சூரிய ஒளியில் ஹீலியத்தின் கோடு கண்ணில் பட்டது 1868இல், அவ்வாண்டுக் கிரகணத்தைக் காண அறிஞர்கள் கடல் கடந்து வந்திறங்கிய இடங்களுள் நம் குண்டூரும் ஒன்று. இன்று அந்த ஹீலியத்தை நாம் இறக்குமதி செய்கிறோம்.) வடிகட்டி இல்லாமல் இன்னொரு முறை குளிர்வித்துக் காட்டு என்பது சிறு வேண்டுகோளன்று என்பதை அறிவேன். ஆனாலும் கேட்கிறேன். அந்த ஒரு முறையைக் கேட்காததால், பிறர் வீணாக்கும் பத்து முறைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலும், கெட்டுப்போன அளவீடு என்று நான் தூக்கியெறிய இருந்ததிலேயே ஓர் அத்தியாயத்துக்கான பொருள் கிடைத்தது. சில நானோமீட்டர் தடிப்புள்ள நையோபியம் நைட்ரைடுக் கீற்றுகளைக் கொண்டு ஒற்றை ஒளித்துகளைக் கண்டறியும் கருவிகளை 2001 முதல் செய்துவருகிறார்கள். ஓர் ஒளித்துகள் பட்டதும் மீக்கடத்தல் அவ்விடத்தில் அறுந்து மின்னழுத்தம் எழும். ஒரே ஒரு ஒளித்துகளை உணரும் வகைப் படலம், மேல்தளத்து மோட்டாரை உணராதிருக்குமா? எனவே இப்போது வடிகட்டிக்குப் பின்னால் ஓர் அலைமூலத்தை வைத்து, நானே அளந்து அளந்து ரேடியோ அலையைச் செலுத்துகிறேன். எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு திறனில் பழைய தட்டைக் கோடு திரும்பி வருகிறது என்று பார்க்கிறேன். 2 ஓம் தட்டையை இப்போது என்னால் வேண்டும்போது வரவழைக்க முடிகிறது. இதை ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயமாகச் சேர்க்க நெறியாளர் இசைந்துவிட்டார். குழு இன்னும் இசையவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொண்டுபோகப் போகிறேன்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. மீக்கடத்தல் முற்றிலும் மறையும் எல்லையை ஒட்டிய உயர்ந்த காந்தப்புலத்தில், புதிய வடிகட்டிகளுக்குப் பிறகும், 0.1 கெல்வினுக்குக் கீழே கோடு இன்னும் சற்று வளைகிறது. எஞ்சிய இரைச்சலா, வேறொன்றா, தெரியவில்லை. தொழில்நுட்பர் மூன்றாவது அடுக்கு வடிகட்டிகளைச் செய்து முடித்துவிட்டார். திங்கட்கிழமை குளிரூட்டத் தொடங்குகிறோம். பழைய பதிவின் தலைப்பில் 'இவ்விளக்கம் தவறு' என்று சேர்த்து, இப்பதிவின் இணைப்பையும் அங்கே இட்டிருக்கிறேன்.